சோகையின் விலாசம்

(நாவலப்பிட்டியில் நடந்த பொதுக்கூட்டமொன்றில் ஒரு வைத்தியர் ஆற்றிய சொற்பொழிவு)



'இரத்தம் பத்தல' என்னும் இரண்டு சொற்களை இந்த ஊரில் வைத்தியம் பார்க்கத் தொடங்கிய நாள் முதலாக நான் கேட்டுவருகிறேன். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு நேரே வந்தவர்களும், கொழும்பிலே கடையில் நின்றுவிட்டு இரவு ரயிலில் வந்து இறங்கியவர்களும், பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தால் கண் இருட்டுகிறது என்று தாயார் அழைத்துவந்த பெண்பிள்ளைகளும் எல்லாரும் இந்த இரண்டு சொற்களையே சொல்லுகிறார்கள். அதைச் சொல்லிவிட்டால் வியாதி இன்னதென்று தெரிந்துவிட்டது, இனி மருந்து கொடுக்க வேண்டியதுதான் வைத்தியர் பாக்கி என்பது அவர்கள் நினைப்பு. அவர்கள் அப்படி நினைப்பதில் பிழையில்லை. வைத்தியர்களாகிய எங்களிலும் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே பிழை. அந்தப் பட்டியலில் ஒரு காலத்தில் நானும் இருந்தேன் என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். ஒரு கடிதத்தின் உறையிலே பெயரை எழுதி, அதன் கீழே 'நாவலப்பிட்டி' என்று மாத்திரம் எழுதிப் பெட்டியில் போட்டால் அது யாருக்குப் போய்ச் சேரும்? எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எத்தனையாம் நம்பர் லயம் என்றெல்லாம் தெரிந்தாலன்றோ அந்தக் கடிதம் உரியவர் கையை அடையும்! சோகை என்பதும் அப்படி ஊர்ப் பெயர் மட்டும் எழுதிய உறைதான். இரத்தத்திலே சிவப்பு நிறத்தைத் தருகிற ஈமோகுளோபின் என்னும் பொருள், வளர்ந்த ஆணுக்கு 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 13 கிராமுக்கும், கருவுறாத பெண்ணுக்கு 12 கிராமுக்கும் கீழே இறங்கினால் அதைச் சோகை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. அந்த எண் சொல்லுவது அவ்வளவுதான். ஏன் இறங்கிற்று என்பதை அது சொல்லாது.

நம் முன்னோர்கள் இதனைப் பாண்டு என்றார்கள், அயச்செந்தூரம் கொடுத்தார்கள். ஐரோப்பாவிலும் 17ஆம் நூற்றாண்டிலே சிடன்ஹாம் என்ற ஆங்கிலேய வைத்தியர் இரும்பு அரத்தூளைத் திராட்சை ரசத்தில் ஊறவைத்துக் கொடுத்தார். 1832இல் பிளோ என்ற பிரெஞ்சுக்காரர் இரும்பைக் குளிகையாக்கினார். கடலுக்கு இப்பாலும் அப்பாலும் ஒருவரையொருவர் அறியாத வைத்தியர்கள் ஒரே உலோகத்தை நாடினார்கள் என்பது ஆச்சரியமான விஷயந்தான். ஆயினும் அந்தக் காலத்து இரும்பினால் சிலர் குணமடைந்தார்கள், சிலர் அடையவில்லை. அடையாதவர்களை விதியின் கணக்கிலே எழுதிவிட்டார்கள். அந்தச் சிலருக்கு ஏன் குணமாகவில்லை என்று கேட்கத் தொடங்கியதிலிருந்துதான் நான் பேச வந்த விஷயம் தொடங்குகிறது.

ஒரே கிழமையில் என்னிடம் வந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்லுகிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம். ஒருத்தி 21 வயதுப் பெண், மலையில் கொழுந்தெடுப்பவள், மாமியாரோடு வந்தாள். மற்றவன் 24 வயது இளைஞன், கொழும்பிலே புடைவைக் கடையில் வேலை, கலியாணம் நிச்சயமாகியிருந்தது. இருவர் கையிலும் 'இரத்தம் குறைவு' என்று எழுதிய துண்டு இருந்தது. இருவரும் இரும்பு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் சில நாள் விழுங்குவதும் வயிற்றைப் புரட்டுகிறதென்று சில நாள் நிறுத்துவதுமாக இருந்தாள். அவனோ ஒரு நாளும் தவறாமல் எட்டு மாதமாக விழுங்கிக்கொண்டிருந்தான்.

வெளுப்பைப் பார்ப்பதற்கு நம்மவர் முகத்தைப் பார்த்துப் பயனில்லை. மலைவெயிலும் பனியும் பட்டுக் கறுத்த முகத்திலே வெளுப்பு தெரியாது. வெள்ளைக்காரருக்காக எழுதிய பாடப்புத்தகத்தில் இருப்பது வெள்ளைக்காரர் முகம். கீழ்க் கண்ணிமையைத் தாழ்த்தி உட்புறத்தைப் பார்க்க வேண்டும்; உள்ளங்கையை விரிக்கச் சொல்லி ரேகைகளின் நிறத்தைப் பார்க்க வேண்டும்; நாக்கை நீட்டச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் உள்ளங்கை ரேகைகள் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்திருந்தன. கறைக்கு இடையிலிருந்த சதையோ கடதாசி போல வெளுத்திருந்தது. நகங்கள் நடுவிலே குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வழியாமல் நிற்கும் கரண்டிகளைப் போல இருந்தன. "மண், சாம்பல், பச்சை அரிசி ஏதாவது தின்ன ஆசை வருமா?" என்று கேட்டேன். அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கூரையைப் பார்த்தார். மாமியாரை வெளியே அனுப்பிய பிறகு, அடுப்படியில் அரிசி களையும்போதெல்லாம் ஒரு பிடியை வாயில் போட்டுக்கொள்வதாகவும், மாதவிடாய் ஏழெட்டு நாளைக்கு நிற்பதில்லை என்றும் மெல்லச் சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள்: ஏற்றத்திலே மூச்சு வாங்குவதால் நாளுக்குரிய நிறையைக் கொய்ய முடியவில்லை, மூன்று மாதமாக அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளந்தான், விழுகிறது. நோயாளியின் வாயிலிருந்து கேட்க வேண்டிய சரித்திரத்தில் முக்கால் பங்கு இந்த இரண்டு நிமிஷத்திலே வந்துவிட்டது. இரத்தக் குழியங்களை எண்ணும் இயந்திரம் வந்த பிற்பாடு இந்த இரண்டு நிமிஷத்தை நாங்கள் மிச்சம் பிடிக்கப் பழகிவிட்டோம்.

இயந்திரத்தைக் குறை சொல்வதற்கில்லை. அது தருகிற எண்களிலே ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றவற்றை மடித்து வைக்கிற வழக்கத்தைத்தான் சொல்லுகிறேன். ஈமோகுளோபினுக்குப் பக்கத்திலேயே செங்குழியத்தின் சராசரிப் பருமன் அச்சிடப்பட்டிருக்கும். அது 80 முதல் 100 பெம்டோலீட்டர் வரை இருப்பது இயல்பு. 80க்குக் கீழே இறங்கினால் குழியம் சிறுத்துவிட்டது. 100க்கு மேலே போனால் பெருத்துவிட்டது. இடையில் இருந்தால் பருமனில் மாற்றமில்லை. வைத்தியன் போக வேண்டிய பாதை இந்த இடத்திலே மூன்றாகப் பிரிகிறது. சிறுத்த குழியம், ஈமோகுளோபினைக் கட்டுவதற்குரிய சரக்கு போதவில்லை என்கிறது. பெருத்த குழியம், குழியம் பிரிந்து பெருகும் வேலையில் தடங்கல் என்கிறது. பருமன் மாறாத சோகையிலே, புதுக் குழியங்கள் எத்தனை பிறக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்: நிறையப் பிறந்தால் எங்கேயோ இரத்தம் போகிறது அல்லது குழியம் அகாலத்தில் அழிகிறது, பிறக்கவேயில்லையானால் சிறுநீரகத்தையோ, நாட்பட்ட காசத்தையோ, குழியம் பிறக்கும் இடமாகிய என்பு மச்சையையோ விசாரிக்க வேண்டும்.

நான் சொன்ன இருவருக்கும் குழியம் சிறுத்திருந்தது. அவளுக்கு ஈமோகுளோபின் 7.2, பருமன் 66. அவனுக்கு ஈமோகுளோபின் 11.2, பருமன் 64. கவனியுங்கள்: அவளைவிட அவனுக்குச் சோகை மிகவும் குறைவு, ஆனால் குழியமோ அவளுடையதைவிடச் சிறியது. இது பொருந்தாத கணக்கு. குழியங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் அவளுக்கு ஒரு மைக்ரோலீட்டரில் 38 இலட்சம், அவனுக்கு 56 இலட்சம். சரக்குத் தட்டுப்பட்டவன் சுவரையும் சிறிதாகத்தான் கட்டுவான், செங்கல்லையும் குறைவாகத்தான் அறுப்பான். இவனோ செங்கல்லைச் சின்னச் சின்னதாக ஏராளமாக அறுத்துக் குவித்திருக்கிறான். பருமனை எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கும் எளிய சூத்திரம் ஒன்றை மென்ட்சர் என்பவர் 1973இல் வெளியிட்டார். 13க்கு மேலே வந்தால் இரும்புக் குறைவின் பக்கமும், கீழே வந்தால் பரம்பரைச் சோகையாகிய தலசீமியாவின் பக்கமும் சாயலாம் என்பது அதன் சாரம். அவளுக்கு 17க்கு மேலே வந்தது. அவனுக்கு 11 சொச்சம். சூத்திரம் தீர்ப்புச் சொல்லாது. எந்தக் கதவை முதலில் தட்டலாம் என்று சொல்லும்.

முதலில் அவளைப் பற்றிய விசாரணை. ஒரு மனித உடம்பிலே உள்ள இரும்பு முழுவதையும் திரட்டினாலும் மூன்று நான்கு கிராமுக்கு மேலே தேறாது. கதவுக்கு அடிக்கிற சிறு ஆணியளவுதான். உணவிலிருந்து குடல் ஒரு நாளைக்கு ஏற்றுக்கொள்வது ஒன்று இரண்டு மில்லிகிராம். வரவு இவ்வளவு சொற்பமானபடியால் செலவிலே சிறிது கூடினாலும் கையிருப்புக் கரையும். அந்தக் கையிருப்பைக் காட்டுவது பெரிற்றின் என்னும் பரிசோதனை. அவளுக்கு அது 15க்குக் குறையாமல் வரவேண்டிய இடத்திலே 4 வந்தது. காய்ச்சலோ அழற்சியோ உள்ளவருக்கு இந்த எண் பொய்யாக உயர்ந்து வைத்தியரை ஏமாற்றுவதுண்டு. தாழ்ந்து வந்தால் மாத்திரம் அது பொய் சொல்வதில்லை.

செலவு எங்கே? மாதவிடாய் ஒன்று. மற்றொன்று, மலத்தைப் பரிசோதித்தபோது தெரிந்தது: கொக்கிப்புழு. அதன் வரலாற்றை இந்த மலைநாட்டிலே சொல்லாமல் வேறு எங்கே சொல்லுவது? ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கொத்தார்ட் சுரங்கம் வெட்டிய தொழிலாளர்கள் 1880ஆம் ஆண்டையொட்டி வெளுத்து வீங்கி மடிந்தபோது, அவர்களுடைய குடலிலே இந்தப் புழுவைக் கண்டார்கள். அது வாய்வழியாகத்தான் புகும் என்று நம்பியிருந்த காலத்தில், கெய்ரோவில் இருந்த லோஸ் என்ற அறிஞர் 1898இல் புழுவின் குஞ்சுகள் ஊறிய நீரைத் தவறிக் கையிலே சிந்திக்கொண்டார்; கை சிவந்து அரித்தது; சில வாரங்களில் அவருடைய மலத்திலேயே முட்டைகள் வந்தன. தோலைத் துளைத்துக்கொண்டு அது உள்ளே போகிறது என்பது அப்படித்தான் வெளிப்பட்டது. ஈரமும் நிழலும் உள்ள மண், செருப்பில்லாத பாதம், மலங்கழிப்பதற்குத் தேயிலைச் செடியின் மறைவு: இந்த மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் அதற்குச் சொர்க்கம். 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் மாத்தளைப் பகுதியிலே கொக்கிப்புழு ஒழிப்பை ஆரம்பித்தபோது, பரிசோதித்த தோட்டத் தொழிலாளரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அது இருந்தது. தைமோலும் கீனோபோடியம் எண்ணெயும் கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள். வெளியேற்றப்பட்டவர்கள் திரும்பவும் அதே மண்ணை மிதித்தார்கள். ஏனெனில் மலகூடம் கட்டுவதற்கு வேண்டிய பணத்தைச் செலவிடத் துரைமாருக்கு மனம் வரவில்லை. மருந்து மலிவு, மலகூடம் விலை கூடியது என்கிற கணக்கு அந்தக் காலத்தோடு முடிந்துபோயிற்று என்று சொல்ல ஆசைதான்.

இப்போது புழு குறைந்திருக்கிறது, அடியோடு ஒழியவில்லை. ஒரு சிறுவகைப் புழு நாளொன்றுக்கு 0.03 மில்லிலீட்டர் இரத்தத்தைக் குடலிலே சிந்தவைக்கிறது. நூறு புழுக்களுக்கு மூன்று மில்லிலீட்டர். அதிலே உள்ள இரும்பு ஏறத்தாழ ஒன்றரை மில்லிகிராம். ஒரு நாள் வரவு முழுவதும் அங்கேயே தீர்ந்தது. அந்த வரவிலும் தேநீர் கை வைக்கிறது. கோதுமை ரொட்டியும் சம்பலும் தின்று உடனே சாயத் தேத்தண்ணி குடிக்கிறோமே, தேயிலையிலுள்ள தனின் என்னும் பொருள் அந்த ரொட்டியிலும் கீரையிலுமுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு குடலுக்குக் கொடுக்காமல் கொண்டுபோய்விடுகிறது. உலகத்துக்கெல்லாம் தேயிலை கொய்து கொடுக்கிறவள் தன் கோப்பையினாலேயே வெளுக்கிறாள். தேத்தண்ணியை நிறுத்துங்கள் என்று இந்தக் குளிரிலே சொல்லுகிறவனை நீங்கள் ஊரைவிட்டே துரத்துவீர்கள். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள், கீரையிலே தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள், நெத்தலிக் கருவாட்டை மறவாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுகிறேன். அந்தப் பெண்ணுக்குப் புழுமருந்தும், மாதவிடாய்க்குரிய சிகிச்சையும், வயிற்றைப் புரட்டாத முறையில் இரும்பும் கொடுத்தோம். பத்து நாளிலே புதுக் குழியங்கள் திரண்டெழுந்தன. நான்காம் மாதம் ஈமோகுளோபின் 12.1. வந்தவள் எண்ணைக் கேட்கவில்லை. "முழுப்பேர் விழுகுதுங்க ஐயா" என்றாள்.

இங்கே ஒரு வார்த்தை. இதே இரும்புக் குறைவு ஓர் இளம் ஆணுக்கு இருந்தால் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. அவனுக்கு மாதவிடாய் இல்லை. ஆகவே இரத்தம் போகும் துவாரத்தைத் தேடியே ஆகவேண்டும். மூலமோ, இரைப்பைப் புண்ணோ, தலைவலிக்கென்று நாள்தோறும் விழுங்கும் அஸ்பிரினோ, வேறு விபரீதமோ ஒன்று அங்கே ஒளிந்திருக்கும்.

பெருத்த குழியத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம் என்று எண்ணினேன். ஆனால் அதிலே லூசி வில்ஸ் வருகிறார், அவரைச் சுருக்க எனக்கு மனமில்லை. 1928இல் பம்பாய்க்கு வந்த இந்த ஆங்கிலேய வைத்தியப் பெண்மணி, துணியாலைகளிலே வேலைசெய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ஒரு கொடிய சோகை வருவதை ஆராய்ந்தார். குன்னூரிலே எலிகளை வைத்துச் சோதித்தார். சென்னையிலே கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலைசெய்தார். அந்தச் சோகை இரும்புக்கு அசையவில்லை. கடைசியில் அதை அசைத்தது ரொட்டியிலே தடவுகிற மாமைட். ஆம், நம் கடைகளிலே விற்கிற அதே கறுப்புக் களி! 1931இல் அவர் இதை வெளியிட்டபோது அதனுள் இருந்த சத்துக்குப் பெயரில்லை. 'வில்ஸ் சத்து' என்றே வழங்கினார்கள். பின்னர் அதற்குப் போலிக் அமிலம் என்று பெயராயிற்று. அதைத் தொகுத்து உண்டாக்கிய அமெரிக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியிலே படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். 1934, 35இல் இலங்கையிலே மலேரியா ஏறத்தாழ 80,000 உயிரைக் கொண்டுபோனபோது, சூரியமல் என்ற இயக்கத்தின் தொண்டர்கள் மெலிந்துபோன கிராமத்தவருக்கு மாமைட் கொடுத்தார்கள். இன்றைக்கு ஓர் இளைஞரிடம் பெருத்த குழியத்தைக் கண்டால் போலிக் அமிலத்தோடு பி12 உயிர்ச்சத்தையும் பார்க்க வேண்டும். மீன், முட்டை, பால் ஒன்றும் தொடாதவருக்கு அது குறையும். பி12 குறைந்தவருக்குப் போலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறிவிடும்; நரம்பு கெட்டுக்கொண்டே போகும். கசிப்புக் குடிப்பவருக்கும் குழியம் பெருக்கும். அதைக் கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை.

இனி அந்தப் புடைவைக் கடை இளைஞன். அவனுடைய பெரிற்றின் நன்றாகவே இருந்தது. எட்டு மாதத்து இரும்பும் அவனுக்கு வேண்டாத பண்டம். ஈமோகுளோபினை வகை பிரித்துப் பார்த்தபோது, 3.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாத ஏ2 என்னும் வகை 5.1 இருந்தது. அவன் பீற்றா தலசீமியாவின் காவி, அதாவது அதைச் சுமப்பவன். அது அவனுக்கு வியாதி அன்று. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த ஒரு மரபுக்கூறு. 1925இல் டெட்ராயிட் நகரத்து வைத்தியரான கூலி என்பவர் இந்தப் பரம்பரைச் சோகையின் கடும் வடிவத்தை முதலில் விவரித்தார். நோயாளிகள் மத்தியதரைக் கடலோரத்தவராக இருந்தபடியால், கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து விப்பிள், பிராட்போர்டு என்ற இருவர் தலசீமியா என்று பெயர் வைத்தார்கள். கடலோரம் என்பது சரியான விலாசமன்று. மலேரியா எங்கெங்கே ஆண்டதோ அங்கெல்லாம் இது உண்டு. காவியின் குழியத்திலே மலேரியாக் கிருமி செழிக்காது என்று ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஊகித்தார், பிற்காலத்து ஆராய்ச்சி அவர் பக்கமே சாய்ந்தது. மலேரியாவை இலங்கை வென்றதென்று 2016இல் உலகம் ஒப்புக்கொண்டது. அதற்கு எதிராக நம் முன்னோரின் இரத்தம் எடுத்த கேடயமோ இன்னும் நம் உடம்பிலே இருக்கிறது. இந்நாட்டிலே நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் அதைச் சுமக்கிறார்கள். குருணாகலையிலே தேசியத் தலசீமியா நிலையம் இருக்கிறது. மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொண்டு வாழும் பிள்ளைகளை அங்கே போய்ப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காவிகள் இருவர் மணந்துகொண்டால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு அப்படிப்பட்ட பிள்ளை பிறக்க இடமுண்டு.

அவனுக்கு நிச்சயம் செய்திருந்தது யாரை என்று கேட்டேன். "அத்தை மகள்தாங்க ஐயா." முறைப்பெண்! ஒரே பாட்டியின் இரத்தம். அந்தப் பெண்ணையும் அழைத்துவந்தார்கள்; அவளுக்கும் குழியம் சிறுத்திருந்தது. வீட்டார் முகங்கள் மாறிவிட்டன. அவளுடைய ஏ2 வெறும் 2.6 என்று வந்தபோது எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள்; நான் விடவில்லை. ஏனென்றால் அவளுடைய பெரிற்றின் 6. இரும்பு குறைந்த உடம்பிலே ஏ2 தானும் தாழ்ந்து, காவியைக் காவியல்ல என்று காட்டிவிடுவதுண்டு. ஆவணியிலே முகூர்த்தம் பார்த்து மண்டபமும் பேசியிருந்தவர்களிடம், மூன்று மாதம் இரும்பு கொடுத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும் என்று நான் சொன்னபோது, அவளுடைய தகப்பனார் பார்த்த பார்வை இன்னும் ஞாபகமிருக்கிறது. கலியாணத்தைத் தைக்குத் தள்ளினார்கள். மறுபரிசோதனையிலே குழியம் இயல்பான பருமனுக்கு வந்திருந்தது; ஏ2 2.8. அவள் காவியல்ல. தை பிறந்ததும் எனக்கும் பத்திரிகை வந்தது.

என் பிழையைச் சொல்லுவதாகச் சொன்னேன். பல வருஷங்களுக்கு முன்னே, இங்கே அல்ல, வேறோர் ஊரிலே, நான் புதிய வைத்தியனாக இருந்தபோது, இவனைப் போலவே ஒருவனுக்கு இரண்டு வருஷம் இரும்பு கொடுத்தேன். இரத்தம் ஏறாதபோதெல்லாம் மாத்திரை விழுங்குவதில்லை என்று அவனையே கோபித்தேன். அவன் சத்தியம் செய்தான், நான் நம்பவில்லை. அவனுடைய அறிக்கையிலே பருமன் என்ற எண் அந்த இரண்டு வருஷமும் அச்சிலே இருந்தது. அவனுக்குப் பிள்ளைகள் பிறந்தார்களா, அவன் மனைவி யார், எனக்குத் தெரியாது. அவனைத் தேடிச் சொல்ல விலாசமும் என்னிடம் இல்லை.

மண்டபத்தின் பின்பக்கம் மேசையிலே இரண்டு நுணுக்குக்காட்டிகள் வைத்திருக்கிறோம். ஒன்றிலே அந்தக் கொழுந்துப் பெண்ணின் முதல் நாள் இரத்தம். மற்றதிலே அந்த இளைஞனுடையது. இருவரும் சம்மதித்துத்தான் தந்தார்கள். ஒரு தகட்டிலே நடு வெளுத்து விளிம்பு மட்டும் சிவந்து, ஓட்டை பெருத்த உளுந்து வடைகளைப் போன்ற வட்டங்களும், அங்கங்கே பென்சில் போல நீண்டவையும் தெரியும். மற்றதிலே வட்டத்துக்கு நடுவே பொட்டு வைத்தாற்போன்ற குழியங்கள் தெரியும். எது யாருடையது என்று தகட்டிலே எழுதவில்லை. பிள்ளைகள் முதலில் பார்க்கட்டும். கண்ணாடி போட்டவர்கள் கழற்றாமலே பார்க்கலாம். திருகாணியை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். ஹட்டன் பக்கம் போகிறவர்களுக்கு ரயிலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.